முட்டை ஓட்டின் நிறமும் மேற்பூச்சும்

கோடம்பாக்கம் கடைகளில் முட்டை வாங்கச் செல்வோர் இரண்டு வகைத் தட்டுகளைக் காண்பர். ஒரு தட்டில் நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டைகள் ஒரே அளவாய் அடுக்கப்பட்டிருக்கும். மற்றொன்றில், சிறியனவும் சற்றுப் பெரியனவுமாக, சந்தன நிறம் முதல் இளம்பழுப்பு வரை பல சாயல்களில் நாட்டுக்கோழி முட்டைகள் இருக்கும். இரண்டாவது தட்டுக்கு விலை அதிகம். தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளிலும் நிலைமை இதுவே.

இந்த அதிக விலை, நகரைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியங்களில் கொல்லைப்புறத்தில் பத்துக் கோழிகள் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஊதியமாகும். ஆனால் ஓட்டின் நிறத்துக்கு விலை உண்டு என்பதைக் கண்டுகொண்ட சிலர், சிறிய வெள்ளை முட்டைகளைத் தேயிலை வடிநீரிலும் சாயத்திலும் தோய்த்து நாட்டு முட்டை என்று விற்கும் தீய வழக்கமும் தோன்றியிருக்கிறது. ஒரு கடையில் ஒருமுறை சாய முட்டை பிடிபட்டால், மறுநாள் உண்மையான முட்டையைக் கூடையில் சுமந்து வரும் பெண்மணியையும் கடைக்காரர் ஐயத்தோடுதான் நோக்குவார். பிறர் செய்த பிழைக்கு அந்த அம்மையார் தண்டனை அடைகிறார்.

இதற்குப் பரிகாரம் நம் கையில் இருக்கிறது. முட்டையின் நிறம் எங்கே பிறக்கிறது, எவ்வாறு தாய் தந்தை வழியாக வருகிறது, ஓட்டின் மேல் இயற்கை பூசும் படலம் எதற்காக என்பவற்றை அறிந்துகொண்டால், வேண்டிய நிறத்தைக் கோழியின் பரம்பரையிலேயே உண்டாக்கிக் கொள்ளலாம். அது நிறந்தான் என்று வாங்குவோருக்கு மெய்ப்பித்தும் காட்டலாம். அதற்கான விவரங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

ஓடும் நிறமும் உண்டாகும் விதம்

கோழியின் உடலில் ஒரு முட்டை உருவாவதற்கு ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. மஞ்சட்கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, முட்டைக் குழாயில் இறங்கும்போது அதைச் சுற்றி வெண்கரு சேர்கிறது. பின்னர் இரண்டு மெல்லிய சவ்வுகள் மூடுகின்றன. இவையெல்லாம் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எஞ்சிய 20 மணி நேரமும் முட்டை, ஓடு சுரக்கும் பையிலேயே தங்குகிறது. ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருப்பது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் கார்பனேட். ஆகவே முட்டையிடும் கோழிக்குச் சுண்ணச்சத்து குறைவுபடலாகாது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கலத்தில் வைத்துவிட்டால், தேவைக்கு ஏற்ப அது தானே கொத்தித் தின்னும்.

எல்லா ஓடுகளும் தொடக்கத்தில் வெள்ளையே. நிறம் அதன்மேல் ஏற்றப்படுகிறது. உலகிலுள்ள கோழி முட்டைகளின் நிறங்கள் அனைத்துக்கும் இரண்டே நிறப்பொருள்கள் காரணம். ஒன்று, பழுப்பு நிறம் தரும் புரோட்டோபார்ஃபிரின். மற்றொன்று, நீல நிறம் தரும் பிலிவெர்டின். இவை இரண்டும் குருதியின் செந்நிறப் பொருளோடு உறவுடையவை.

இவை படியும் முறையில் முக்கியமான வேறுபாடு உண்டு. பழுப்பு, முட்டை வெளிவருவதற்கு முந்திய சில மணி நேரத்தில், சுவருக்கு வண்ணம் பூசுவதுபோல் ஓட்டின் மேற்புறத்தில் மிகுதியாகப் படிகிறது. அதனால்தான் பழுப்பு முட்டையை உடைத்து உட்புறத்தைப் பார்த்தால் வெண்மையாகவே தோன்றும். நீலமோ, ஓடு கட்டும்போதே சுண்ணத்தோடு கலந்து ஊடுருவிச் செல்கிறது. நீல முட்டையின் ஓடு உள்ளும் புறமும் நீலமாகவே இருக்கும். நீல ஓட்டின் மேல் பழுப்புப் படிந்தால் பச்சை முட்டையாகும். பழுப்பு அடர்த்தியாய் இருந்தால் பாசிநிறம் உண்டாகும்.

நிறமும் சத்தும்

பழுப்பு முட்டையில் சத்து அதிகம் என்று பலர் நம்புகின்றனர். ஓட்டின் நிறத்தால் உள்ளிருக்கும் புரதமோ, கொழுப்போ, உயிர்ச்சத்தோ மாறுவதில்லை. மஞ்சட்கரு ஆழ்ந்த நிறத்தில் இருப்பது, கீரை, புல், மக்காச்சோளம் முதலியவற்றைக் கோழி தின்பதால் வருவது. அதற்கும் ஓட்டின் நிறத்துக்கும் தொடர்பில்லை. அவ்வாறே, தீவனத்தை மாற்றி வெள்ளை முட்டையிடும் கோழியைப் பழுப்பு முட்டையிடச் செய்ய இயலாது.

ஆயினும் ஓட்டின் நிறத்துக்கு மக்கள் விலை கொடுக்கின்றனர். கொல்லையில் மேய்ந்து வளர்ந்த கோழியின் முட்டை என்பதற்கு அதை அடையாளமாகக் கொள்கின்றனர். அந்த அடையாளம் பொய்க்காமல் காப்பதே விற்பவரின் கடமை. “இந்த முட்டையில் நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு” என்று இல்லாததைச் சொல்லி விற்பதும் சாயம் பூசுவதைப் போன்ற குற்றமே.

இயற்கை அணிவிக்கும் மேலாடை

ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. குஞ்சு உள்ளே வளரும்போது மூச்சுவிடுவதற்காக அமைந்தவை அவை. மூச்சு செல்லும் வழியே கிருமியும் செல்லக்கூடும் அல்லவா? அதைத் தடுப்பதற்காக, நிறம் ஏறிய பின்னர், கோழியின் உடல் ஒரு மெல்லிய படலத்தை முட்டையின் மேல் பூசி அனுப்புகிறது. இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. முட்டை வெளிவந்தவுடன் ஈரமாக மினுமினுப்பதும், சில நிமிடங்களில் உலர்ந்து மங்கலாவதும் இந்தப் படலமே.

இந்த மேற்படலம் எல்லாக் கோழிகளிடத்தும் ஒரே அளவாய் இருப்பதில்லை. சில கோழிகளின் முட்டைகள், திராட்சைப் பழத்தின் மேல் காணும் மாவு போன்ற பூச்சுடன் வரும். பழுப்பு ஓட்டின் மேல் அது படியும்போது முட்டை இளஞ்சிவப்பாகவோ சாம்பல் கலந்த ஊதாவாகவோ தோன்றும். ஊதா முட்டை என்று மேனாடுகளில் வியந்து பேசப்படுவது இதுதான். அங்கே ஊதா நிறப்பொருள் ஏதும் இல்லை. பழுப்பின் மேல் படிந்த வெண்பூச்சு நம் கண்ணுக்கு அவ்வாறு தோற்றமளிக்கிறது. தண்ணீரில் நனைத்தால் அந்தச் சாயல் மறைந்துவிடும்.

மேற்படலம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அது நன்றாகப் படியும் தன்மை தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வழிவழியாக வருவது. தேர்வு செய்து பெருக்கக்கூடியது. ஸ்காட்லாந்திலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்களும் உடன் உழைத்தவர்களும் 2013ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர். படலம் செறிந்த முட்டைக்குள் கிருமிகள் புகுவது குறைவு என்பதும் அவர்கள் கண்ட முடிவு. குளிர்பதனப் பெட்டியில்லாத கிராமத்து வீட்டிலிருந்து முட்டை பேருந்தில் நகரம் வந்து சேரும் நமது நிலையில், இது பெரிதும் கவனிக்கத்தக்கது.

நிறம் பரம்பரையாக வரும் முறை

பழுப்பு நிறத்தை ஒரு மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து கூட்டியும் குறைத்தும் அதை அமைக்கின்றன. ஆகையால் பழுப்பு முட்டைக் கோழியையும் வெள்ளை முட்டைக் கோழியினத்துச் சேவலையும் இணைத்தால், மகள்கள் பெரும்பாலும் இடைப்பட்ட தந்த நிற முட்டைகளை இடும். பழுப்பை அடர்த்தியாக்க விரும்பினால் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டில் மரான்ஸ் என்னும் ஊரின் பெயர் தாங்கிய கோழியினம், செம்புநிறத்தை ஒத்த ஆழ்ந்த பழுப்பு முட்டை இடுவது இத்தகைய தொடர்ந்த தேர்வின் பயனே.

நீலத்தின் வழி வேறு. அதற்கு ஒரே மரபணு போதும். அது ஓங்கிய தன்மையுடையது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் பழங்குடியினராகிய மபுச்சே மக்கள் வளர்த்த கோழிகள் நீல முட்டையிட்டன. ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர் சால்வடார் காஸ்டெல்லோ, 1921ஆம் ஆண்டில் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் இவற்றைப் பற்றி எடுத்துரைத்தார். 1933இல் இங்கிலாந்து நாட்டு மரபியல் அறிஞர் பன்னெட், இந்த நீலம் ஓங்கிய ஒற்றை மரபணுவால் வருவது என்று நிறுவினார். 2013ஆம் ஆண்டில் இதன் மூலமும் தெரியவந்தது. ஒருவகை வைரஸின் துண்டு கோழியின் மரபுத்தொகுதியில் புகுந்து தங்கியதே இம்மாறுதலுக்குக் காரணம். சீன நாட்டுக் கோழிகளில் இதே மாறுதல் தனியாகவே நிகழ்ந்திருக்கிறது.

ஓங்கிய மரபணு என்பதன் கணக்கு எளியது. தாய் தந்தையரில் ஒருவரிடம் நீலக் கூறு இரட்டையாக இருந்தால் மகள்கள் அனைவரும் நீலம் அல்லது பச்சை முட்டை இடுவர். ஒருவரிடம் ஒற்றையாகவும் மற்றவரிடம் இல்லாமலும் இருந்தால் இரண்டில் ஒரு மகள் அவ்வாறு இடுவாள். இருவரிடமும் ஒற்றையாக இருந்தால் நான்கில் மூன்று மகள்கள் இடுவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீல முட்டைக் கோழி என்று பெருவிலைக்கு விற்க முன்வருபவர்கள் உண்டு. தாயின் முட்டையைக் கண்ணால் காணாமல் வாங்கக்கூடாது. வெளிநாட்டுக் கோழியையோ அடைமுட்டையையோ அரசின் இறக்குமதி அனுமதியும் நோய்த்தடுப்புச் சோதனையும் இன்றித் தருவிப்பது சட்டப்படி தவறு. நாட்டிலில்லாத நோயைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் அது வழியாகும். நம் கிராமத்துக் குடும்பத்துக்கு முதற்கண் வேண்டியது நல்ல பழுப்பு முட்டையே. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நம்மிடம் உள்ள கோழிகள்

தமிழ்நாட்டுச் சிறுவிடைக் கோழியும், சண்டைக்கோழி எனப்படும் அசீல் இனமும் பொதுவாகத் தந்த நிறம் முதல் இளம்பழுப்பு வரையான முட்டைகளை இடுவன. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய கடக்நாத் என்னும் கருங்கோழி கறுப்பு முட்டை இடும் என்பது வீண் பேச்சு. இறகும் தோலும் இறைச்சியும் கறுப்பாயினும் அதன் முட்டை வெளிர் பழுப்பு நிறமே. வெள்ளை லெகான் வெள்ளை முட்டையும், ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டையும் இடும். ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் கொல்லைப்புற வளர்ப்புக்காக உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியவையும் பழுப்புச் சாயல் முட்டைகளை இடுவனவே. கோடம்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள நந்தனத்தில் இயங்கிய கோழி ஆராய்ச்சி நிலையம், நந்தனம் என்ற பெயரையே தாங்கிய கோழி, வான்கோழி, காடை வகைகளை நாட்டுக்கு அளித்த பெருமை உடையது.

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய பின், முட்டை எண்ணிக்கையைப் பெருக்கும் நோக்கத்தோடு லெகான், ரோட் ஐலண்ட் ரெட் சேவல்கள் பல கிராமங்களுக்கு வழங்கப்பட்டன. நாட்டுக்கோழி என்று நாம் அழைப்பனவற்றுள் பலவற்றின் குருதியில் அச்சேவல்களின் பங்கும் கலந்திருக்கிறது. ஒரே வீட்டுக் கொல்லையில் ஒரு கோழி வெள்ளையாகவும் மற்றொன்று பழுப்பாகவும் இடுவதற்கு இத்தகைய கலப்பு ஒரு காரணமாகும். இந்த வேறுபாடு நமக்கு நன்மையே. வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் தேர்வுக்கு வழி உண்டு.

வீட்டளவில் தேர்வு செய்யும் முறை

பெரும் பொருட்செலவு இல்லாமல் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் கொண்டு இதைத் தொடங்கலாம். செய்ய வேண்டியவை வருமாறு:

1. நிற அளவுகோல் ஒன்று அமைத்துக்கொள்க. பால் வெண்மைக்கு 1, தந்த நிறத்துக்கு 2, சந்தன நிறத்துக்கு 3, தேநீர் நிறத்துக்கு 4, செங்கல் நிறத்துக்கு 5 என எண் கொடுக்கலாம். கிடைக்கும் நிறங்களுக்கு ஒவ்வொரு முட்டையைத் துளையிட்டு உள்ளீட்டை நீக்கி, கூட்டை உலர்த்தி மாதிரியாக வைத்துக்கொள்ளவும். வெயில் பட்டால் நிறம் வெளிறும். ஆதலின் மூடிய பெட்டியில் வைப்பது நலம்.

2. எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்பதை அறிய வேண்டும். ஒவ்வொரு பெட்டைக்கும் காலில் வேறு வேறு நிற வளையம் இடவும். முட்டையிடும் நேரத்தில் ஒரு கோழியைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து வைத்தால் அதன் முட்டை எதுவென்று ஐயமறத் தெரியும். இவ்வாறு ஒவ்வொரு கோழிக்கும் ஐந்தாறு முட்டைகளைக் கண்டு எண்ணிட்டு எழுதி வைக்கவும். ஒரு முட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது.

3. நிறத்தோடு, மாதத்தில் இட்ட முட்டை எண்ணிக்கை, ஓட்டின் உறுதி, மேற்படலத்தின் செறிவு, குஞ்சுகளைக் காக்கும் இயல்பு ஆகியவற்றையும் குறிக்கவும். அழகிய நிறமுடைய முட்டையை அரிதாக இடும் கோழியால் குடும்பத்துக்குப் பயனில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும் நிலையில், அதையும் குறைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

4. சேவலைத் தேர்வதில்தான் பலர் தவறுகின்றனர். சேவல் முட்டையிடுவதில்லை, ஆயினும் மகளின் நிறத்தில் பாதி அதனுடையது. இறகின் அழகையோ சண்டைத் திறனையோ பார்த்துச் சேவலைத் தேர்ந்தால் பெட்டைகளிடம் செய்த தேர்வு பாதி வீணாகும். அளவுகோலில் 4 அல்லது 5 பெற்ற முட்டையிலிருந்து பொரித்த, நல்ல தாயின் மகனையே சேவலாக வைத்துக்கொள்ளவும். அடைவைக்கும் முட்டையின் மேல் தாயின் எண்ணைப் பென்சிலால் எழுதி, பொரித்தவுடன் குஞ்சுக்கு அடையாளம் இட்டால் இது எளிதில் கைகூடும்.

5. புதிய சேவலை விட்டவுடன் முட்டைகளை அடைவைக்கலாகாது. முன்னைய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். பழைய சேவலை நீக்கி மூன்று வாரம் கழிந்த பின் இடும் முட்டைகளையே சேர்க்கவும்.

6. ஒரே சேவலின் மகள்களை அதே சேவலோடு மீண்டும் மீண்டும் இணைத்தால் பொரிப்புக் குறையும், குஞ்சுகள் நலியும். பக்கத்துக் குக்கிராமத்தில் இதே முறையில் தேர்வு செய்யும் குழுவோடு ஆண்டுக்கொருமுறை சேவலை மாற்றிக்கொள்வது சிறந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை எளிதில் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தேர்ந்த தாய்களின் முட்டைகளை மூன்று அடைக்கோழிகளுக்குத் தலைக்குப் பன்னிரண்டாக 36 முட்டைகள் வைக்கிறோம் என்று கொள்வோம். 21 நாட்களில் 27 குஞ்சுகள் பொரித்தால் அவற்றில் ஏறத்தாழ 13 பெட்டைகள். கீரி, பருந்து, நோய் ஆகியவற்றுக்குத் தப்பி ஒன்பது பெட்டைகள் ஆறு ஏழு மாதத்தில் முட்டைக்கு வந்தால், அவற்றுள் சிறந்த நான்கை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை முட்டைக்காக வளர்க்கலாம். இவ்வாறு ஓர் ஆண்டுக்கு ஒரு தலைமுறை. மூன்று நான்கு ஆண்டுகள் பொறுமையோடு செய்தால் தட்டில் வெள்ளை முட்டைகள் அருகி, சந்தன நிறமும் தேநீர் நிறமும் மிகுவதைக் கண்கூடாகக் காணலாம். குஞ்சுகள் பிழைத்தால்தானே இந்தக் கணக்கு? ஆகவே வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் உரிய காலத்தில் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும்.

நிறம் வெளிறுவதும் ஓடு மாறுவதும்

நல்ல பழுப்பு முட்டையிட்டு வந்த கோழி வெளிறிய முட்டை இடத் தொடங்கினால், பரம்பரையைக் குறை கூறுவதற்கு முன் வேறு காரணங்களை ஆராய வேண்டும். முட்டைக் காலம் நீளநீள நிறம் சற்று மங்குவது இயல்பு. கடுங்கோடை, அச்சம், இட நெருக்கடி, நாய்த் தொல்லை ஆகியவையும் நிறத்தைக் குறைக்கும். வெள்ளைக்கழிச்சல், மூச்சுக்குழல் அழற்சி முதலிய நோய்கள் தாக்கினால் நிறம் வெளிறுவதோடு ஓடு மெலிந்து சுருங்கியும் வரும். இரத்தக்கழிச்சலுக்காக வழங்கப்படும் நிக்கார்பசின் என்னும் மருந்து பழுப்பு நிறத்தை நீக்கிவிடும். முட்டையிடும் கோழிக்கு அதைத் தரலாகாது. கொட்டகையில் பல கோழிகள் ஒரே வாரத்தில் வெளிறிய முட்டை இட்டால் கால்நடை மருத்துவரிடம் உடனே தெரிவிக்கவும். முட்டையின் நிறம் சில வேளைகளில் நோயை முன்னதாக அறிவிக்கும் தூதன்.

வெண்சுண்ணம் திட்டுத்திட்டாய்ப் படிந்த முட்டை, அது ஓட்டுப் பையில் உரிய நேரத்துக்கு மேல் தங்கியதைக் காட்டும். முட்டையிட அமர்ந்த கோழியை விரட்டுவதும் இதற்குக் காரணமாகும். மறைவான, வைக்கோல் பரப்பிய முட்டைப் பெட்டி அமைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இக்குறை நீங்கும். எப்போதாவது வரும் இச்சுண்ணத் திட்டையும், ஒரு கோழி நாள்தோறும் ஒரே சீராய்த் தரும் இயற்கைப் பூச்சையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பின்னதே தேர்வுக்குரியது.

கழுவுவதும் பூசுவதும்

முட்டையைச் சந்தைக்கு எடுத்துச் செல்லுமுன் பளபளப்பாகக் கழுவுவது சிலருடைய வழக்கம். அது நன்மையன்று. நீர்பட்டுத் தேய்க்கும்போது மேற்படலம் அழிந்து நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. குளிர்ந்த நீரில் கழுவினால், உட்பொருள் சுருங்கி வெளியிலுள்ள அழுக்கு நீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்டியில் தூய வைக்கோலைப் பரப்பி, நாளைக்கு இருமுறை முட்டை எடுத்தால் கழுவ வேண்டிய தேவையே எழாது. சிறிது அழுக்கிருந்தால் உலர்ந்த துணியாலோ தேங்காய் நாராலோ மெல்லத் துடைக்கலாம். மிகவும் அழுக்கான முட்டையை வீட்டில் அன்றே சமைத்துவிடலாம்.

கோடையில் முட்டையைச் சில வாரம் வைத்திருக்க நேர்ந்தால் இரண்டு பழைய முறைகள் உதவும். முதலாவது எண்ணெய்ப் பூச்சு. மணமற்ற தூய சமையல் எண்ணெயை முட்டையிட்ட அன்றே மெல்லத் தடவினால் துளைகள் மூடி, உள்ளிருக்கும் ஈரமும் வாயுவும் காக்கப்படும். இரண்டாவது சுண்ணாம்பு நீர். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் ஒரு லிட்டர் கொதிநீரை எச்சரிக்கையோடு ஊற்றி, ஆறிய பின் ஐந்து லிட்டர் நீரும் கால் கிலோ உப்பும் சேர்த்துக் கலக்கி, மறுநாள் தெளிந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்க. அதில் முட்டைகளை ஓரிரவு மூழ்க வைத்து எடுத்து நிழலில் உலர்த்தினால் மூன்று நான்கு வாரம் வரை தாங்கும். இம்முறைகளில் பதப்படுத்திய முட்டையை அடைவைக்கக் கூடாது. குஞ்சு மூச்சின்றி மடியும். விற்கும்போது பதப்படுத்தியது என்பதைச் சொல்லியே விற்க வேண்டும்.

சாயமும் சட்டமும்

உணவுப் பொருளுக்கு நிறமூட்டியோ மேற்பூச்சுப் பூசியோ, உள்ளதைவிட உயர்ந்ததாகவும் மதிப்புள்ளதாகவும் தோன்றச் செய்வதை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் விலக்கியிருக்கிறது. வெள்ளை முட்டையைத் தேயிலை நீரில் தோய்த்து நாட்டு முட்டை என விற்பது இதன்பாற்படும். அன்றியும் நனைந்த முட்டையின் மேற்படலம் கெட்டு, அது விரைவில் கூமுட்டையாகிவிடும்.

வாங்குவோர் ஐயுற்றால் சினம் கொள்ளாமல் அவர் முன்னிலையிலேயே சோதித்துக் காட்டுவது வணிகத்துக்கு உகந்தது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் துணியில் ஒட்டும். இயற்கை நிறம் எளிதில் வராது. மிக ஆழ்ந்த பழுப்பு முட்டை புதிதாக இருக்கும்போது மட்டும் சிறிது கறை தரலாம். மற்றொரு சோதனையும் உண்டு. கள்ள நோட்டைக் கண்டறியக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இருளில் பழுப்பு முட்டையின் மேல் காட்டினால், புரோட்டோபார்ஃபிரின் காரணமாக ஓடு சிவந்து ஒளிரும். தேயிலைக் கறைக்கு அந்த ஒளி கிடையாது. தவிரவும், உண்மை நாட்டு முட்டைகள் 40 கிராம் அளவில், ஒன்றுக்கொன்று வடிவிலும் சாயலிலும் சற்று வேறுபட்டே இருக்கும். ஒரு தட்டு முழுவதும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே நிறமாக இருந்தால் விசாரித்து வாங்குவது நலம்.

வினினியோகத்தில் ஒழுங்கு

குழுவாகச் சேர்ந்து விற்பதே இலாபகரமானது. ஐந்தாறு குடும்பங்கள் வாரத்தில் இரண்டு நாள் முட்டைகளைத் திரட்டி, முட்டையிட்ட தேதியையும் ஊரையும் தட்டின் மேல் எழுதி, நகரத்தில் ஓரிரு கடைகளோடு நிலையான ஏற்பாடு செய்துகொள்ளலாம். நீரில் இட்டால் மிதக்கும் பழைய முட்டையைக் கண்டிப்பாக நீக்கிவிடவும். முட்டை குறைவாகக் கிடைக்கும் மாதத்தில் வெளியிலிருந்து வாங்கிக் கலந்து எண்ணிக்கையை நிரப்பும் ஆசைக்கு இடம் கொடுக்கலாகாது. பத்து முட்டை குறைந்தால் அன்றைய வருவாய்தான் குறையும். நம்பிக்கை குறைந்தால் தொழிலே போய்விடும்.

நிலமில்லாத குடும்பத்திலும், முட்டை விற்ற பணம் பெரும்பாலும் பெண்களின் கையில் நேராகச் சேருகிறது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் மருந்துக்கும் அது உதவுகிறது. அந்தச் சிறு வருவாயை உயர்த்தும் வழி கோழியின் பரம்பரையிலேயே இருக்கிறது. இந்த மாதமே ஒவ்வொரு பெட்டையின் முட்டையையும் தனித்தனியே பார்த்து, ஒரு நோட்டில் எண்ணிட்டு எழுதத் தொடங்குங்கள். அடுத்த அடைக்கு எந்தத் தாயின் முட்டை, எந்தச் சேவலின் வித்து என்பதை அந்த நோட்டே உங்களுக்குக் கூறும்.